நவம்பர் 1 தமிழ்நாட்டுக்கு என்ன நாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடும். குமரி மாவட்டத்துக்காரன் என்பதால் இந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்டால் தெரியும் என்று பலருக்கு ஒரு நினைப்பு. பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள், அவர்களைவிடப் பதற்றமாக இருக்கும் பெற்றோர், வெளியூர் நண்பர்கள் என்று எல்லோரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு பிறந்தது என்கிறார்களே, சரியா?

பாதி சரி. அன்று வியாழக்கிழமை. மாநிலச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கேரளம் என்ற மாநிலம் அன்றுதான் உருவானது. தெலங்கானாவைச் சேர்த்துக்கொண்டு ஆந்திரப் பிரதேசம் உருவானது. பம்பாய், ஹைதராபாத், குடகு, சென்னை ஆகியவற்றிலிருந்த கன்னடப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு மைசூர் பெருத்தது. சென்னை மாநிலத்துக்கோ பெயர் மாறவில்லை, தலைநகர் மாறவில்லை, முதலமைச்சர் காமராஜரும் மாறவில்லை. பாகப்பிரிவினையில் தம்பிகள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு தனி வீடு கட்டிப் போக, பழைய வீட்டிலேயே தங்கிவிட்ட மூத்தவரைப் போல அது நின்றது. தம்பிகள் மூவரும் அந்த நாளைப் புதுமனை புகுவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். மூத்தவருக்கு நெடுங்காலம் எதைக் கொண்டாடுவது என்றே தெரியவில்லை. அரைநூற்றாண்டுக்கு மேலாக நமக்கு அரசு அறிவித்த ஆண்டுதோறும் வரும் மாநில நாள் என்று ஒன்று இல்லாததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

மாநிலம் எவ்வளவு சுருங்கியது?

சட்டமன்ற இருக்கைகளை எண்ணிப் பார்த்தால் போதும். 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தில் 375 உறுப்பினர்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானதும் 231. 1956 நவம்பர் 1 அன்று மலபார்த் தொகுதிகளும் போனபின் 190. நான்கே ஆண்டுகளில் அவை பாதியாகிவிட்டது. குமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தபின், தொகுதி மறுவரையறையில் 205 ஆயிற்று. இன்று இருக்கும் 234 என்ற எண்ணிக்கை 1965ஆம் ஆண்டு மறுவரையறையில் வந்தது.

அன்று எந்தெந்தப் பகுதிகள் பிரிந்து போயின?

மலபார் மாவட்டம் கேரளத்துக்கு. தென் கன்னட மாவட்டம் மைசூருக்கு. அதில் காசர்கோடு மட்டும் கேரளத்துக்கு. கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூருக்கு. மாதேசுவரன் மலைக்குப் போகிற சேலம், ஈரோடு பக்தர்கள் மாநில எல்லையைத் தாண்டிப் போவது இதனால்தான். மலபாரோடு சேர்ந்திருந்த லட்சத்தீவு, மினிக்காய்த் தீவுகள் மத்திய அரசின் நேரடி ஆட்சிக்குப் போயின. மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தோம். வாங்கியது தாலுகாக் கணக்கில்.

வாங்கியது என்ன?

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள். இவை சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கூடவே செங்கோட்டைத் தாலுகாவில் மலைக்குக் கிழக்கே இருந்த பகுதி வந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. இப்போது அது தென்காசி மாவட்டம்.

செங்கோட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், அதாவது திருவிதாங்கூர் மன்னரின் குடிமகன். பிரிட்டிஷ் இந்தியாவின் அதிகாரியைச் சுட்டவர் பிரிட்டிஷ் இந்தியக் குடியே இல்லை என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்த காலத்தில் நான் கவனித்ததே இல்லை.

அந்தத் தமிழ்ப் பகுதிகள் திருவிதாங்கூரில் எப்படி இருந்தன? இணைவதற்குப் போராட்டம் நடந்ததாமே?

கல்குளம் தாலுகாவில் உள்ள பத்மநாபபுரம்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர். பிறகு தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. நாஞ்சில் நாட்டு நெல் அரசின் களஞ்சியத்தை நிரப்பியது. அலுவலகமும் நீதிமன்றமும் மலையாளத்தில் பேசின. 1940களின் நடுவில் இதை எதிர்த்து ஓர் அமைப்பு உருவாகி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சியாக வளர்ந்தது. நாகர்கோவில் வழக்கறிஞர் நேசமணி அதன் முகம். எங்கள் ஊரில் அவர் பெயரை வெறுமனே சொல்லமாட்டார்கள், மார்ஷல் நேசமணி என்றுதான் சொல்வார்கள். பி.எஸ். மணி, தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார் ஆகியோரும் முன்னணியில் நின்றவர்கள்.

1954 தேர்தலில் இந்தக் கட்சி திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் 12 இடங்களைப் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதியை விடுதலை நாளாக அறிவித்தார்கள். அன்று விளவங்கோடு தாலுகாவின் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள். ஆட்சியில் இருந்தது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை.

தமிழ்நாட்டு மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் இங்கே உண்டு. பட்டம் தாணுபிள்ளை அரசு பதவி விலக வேண்டும் என்று உரத்துக் கேட்டவர் உத்தரப் பிரதேசத்துக்காரரான ராம் மனோகர் லோகியா. அவர் அதே கட்சியின் பொதுச்செயலாளர்! மக்களைச் சுட்ட அரசுக்குச் சோஷலிஸ்ட் என்ற பெயர் பொருந்தாது என்பது அவர் நிலை. கட்சி கேட்கவில்லை. அந்தப் பிளவு வளர்ந்து லோகியா வெளியேறித் தனிக்கட்சி கண்டார். விளவங்கோட்டில் வெடித்த துப்பாக்கி, ஓர் அகில இந்தியக் கட்சியை இரண்டாக்கியது.

ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தது. மூவர் கொண்ட அந்த ஆணையத்தில் கே.எம். பணிக்கரும் ஒருவர், மலையாளி. தமிழர் பெரும்பான்மை தெளிவாக இருந்த தெற்குத் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கலாம் என்று அறிக்கை சொன்னது. அடுத்த ஆண்டு அது சட்டமானது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதைப் பார்க்கவில்லை. 1954 செப்டம்பர் 26 அன்றே காலமாகிவிட்டார்.

தேவிகுளம், பீர்மேடு ஏன் வரவில்லை?

அங்கும் தமிழர்கள் பெரும்பான்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள், நிலைத்த குடிகள் அல்ல என்ற வாதத்தை ஆணையம் ஏற்றுக்கொண்டது. அந்த மலைகளின் பொருளாதார மதிப்பும் கேரளத்துக்குச் சாதகமாகப் பேசியது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களை வந்துபோகிறவர்கள் என்று எழுதியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விளைவு என்ன? முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை போட்டு, 1895இல் கட்டி முடித்த அணை. நிலம் கேரளத்தில், அணையை இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத் துறை, தண்ணீர் பாய்வது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வயல்களுக்கு. அந்த ஒரு தாலுகாவின் கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால் உச்ச நீதிமன்றத்துக்கு எத்தனை வாய்தா மிச்சமாகியிருக்கும்!

திருத்தணியும் அன்றுதானே வந்தது?

இல்லை. இது பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி வரும் பிழை. திருத்தணிக்கான போராட்டம் ஆந்திரத்தோடு நடந்தது, ம.பொ.சிவஞானம் முன்னின்றார். இரு மாநில எல்லைத் தகராறில் நடுவராக இருந்த பட்டாஸ்கர் வகுத்த பரிந்துரையின் அடிப்படையில் 1959இல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சட்டமன்றத்தில் ஓர் இடம் கூடி 206 ஆனது அப்போதுதான். சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டை அதற்கும் முந்தியது. "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. முழங்கியது ஆந்திரம் பிரிந்த நேரத்தில்.

1956 நவம்பர் 1இன் அடையாளம் ஏதாவது இன்று கண்ணால் பார்க்க முடியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. முதலில் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். சுற்றியுள்ள ஊர் முழுவதும் தமிழ்நாடு. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில். உள்ளே நுழைவுச்சீட்டு கொடுப்பவர் கேரள அரசு ஊழியர்; வெளியே வந்து தேநீர் குடித்தால் கடைக்காரர் தமிழ்நாட்டுக் குடிமகன்.

நவராத்திரி சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வருவாள். வேளிமலை முருகனும் வந்து சேர்வார். பத்மநாபபுரம் தேவாரக்கட்டுச் சரஸ்வதி யானைமேல் ஏறுவாள். அரண்மனையில் பழைய மன்னரின் உடைவாளைக் கையளிக்கும் சடங்கு நடக்கும். இரு மாநிலப் போலீசாரும் வரிசையில் நின்று மரியாதை செலுத்துவார்கள். மூவரும் திருவனந்தபுரத்துக்குப் பயணம் போய், நவராத்திரி முடிந்து திரும்புவார்கள். வழியில் களியக்காவிளை எல்லையில் ஒரு மாநிலம் வழியனுப்ப, அடுத்த மாநிலம் வரவேற்கும். தலைநகர் மாறிய காலத்திலிருந்து வரும் வழக்கம். நடுவில் ஒரு மாநில எல்லை முளைத்தது, தெய்வங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டுகிறவராக இருந்தால் 290ஏ பிரிவைப் பாருங்கள். 1956 நவம்பர் 1 என்ற தேதி அதிலேயே இருக்கிறது. அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து மாறிய பகுதிகளின் கோயில்களைப் பராமரிக்கத் தமிழ்நாட்டுத் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்கிறது அது. கேரளத்தின் பங்கு 46 லட்சத்து 50 ஆயிரம். குமரிக் கோயில் விளக்கெண்ணெய்க்கு நாட்டின் அரசியலமைப்பே உத்தரவாதம்.

மூன்றாவது அடையாளம் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பத்திரத்தை எங்கள் பக்கத்தில் பிரமாணம் என்பார்கள். என் பாட்டி வாங்கிய தென்னந்தோப்பின் பிரமாணம் அது. தாளின் தலையில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. எழுத்து முழுவதும் மலையாளம். தேதி கொல்லம் ஆண்டு 1121, மீனம் 4. நம் கணக்கில் 1946 மார்ச். நிலத்தைப் பாகம் வைக்கும்போது வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எண்பது வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே வைத்து, மலையாளத்தில் முணுமுணுத்துத் தமிழில் உரக்கச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, "இதை நீயே படிச்சுக்கோ தம்பி" என்று தாளை என் பக்கம் திருப்பினார். அவ்வளவு மலையாளத்துக்கும் கீழே பாட்டி தன் பெயரைத் தமிழில், கோணல்மாணலாகக் கையெழுத்திட்டிருந்தாள்.

புதுச்சேரியும் நவம்பர் 1 கொண்டாடுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

தேதி ஒன்று, ஆண்டும் கதையும் வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிர்த்து. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் பிரான்சோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956இல்தான், அது சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்டு 16. புதுச்சேரிக்காரர்களுக்கு எந்த நாளைக் கொண்டாடுவது என்று நெடுநாள் விவாதம் இருந்தது. நமக்கும் அதே சிக்கல்தான். அடுத்த கேள்வி அது.

அப்படியானால் தமிழ்நாடு நாள் எது? நவம்பர் 1ஆ, ஜூலை 18ஆ?

அரசின் இப்போதைய நிலைப்படி ஜூலை 18. 2019இல் எடப்பாடி பழனிசாமி அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021 அக்டோபர் 30 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், இனி ஜூலை 18தான் என்று அறிவித்தார்.

ஜூலை 18க்கான நியாயம் பெயரில் இருக்கிறது. 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் வைத்த கோரிக்கைகளில் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பதும் ஒன்று. எழுபது நாளுக்கு மேல் நீடித்து, அக்டோபர் 13 அன்று இறந்தார். அவர் இறந்த 19ஆம் நாள் நவம்பர் 1 வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. தெலுங்கு பேசுவோருக்கு மாநிலம் கேட்டுப் பட்டினி கிடந்து 1952இல் சென்னையிலேயே உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலுவின் கோரிக்கை, அவர் இறந்த சில நாட்களிலேயே ஏற்கப்பட்டது. சங்கரலிங்கனாரின் கோரிக்கைக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

1963இல் மாநிலங்களவையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தாவின் பெயர்மாற்ற மசோதா மீது அண்ணா பேசினார். மசோதா தோற்றது. 1967இல் அவரே முதலமைச்சரானார். ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அவைத்தலைவர் சி.பா. ஆதித்தனார். அண்ணா மூன்று முறை "தமிழ்நாடு" என்று சொல்ல, உறுப்பினர்கள் "வாழ்க" என்றார்கள். நாடாளுமன்றம் 1968 நவம்பரில் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14, பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்கு 20ஆம் நாள், பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார்.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். பெயருக்கு ஒரு நாள், நிலத்துக்கு ஒரு நாள் என்று இரண்டும் இருக்கட்டும். ஆனால் விளவங்கோட்டுக்காரரிடம் போய் ஜூலை 18 உனக்குப் பெரிய நாள் என்று சொல்லிப் பாருங்கள். மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனதும், மெட்ராஸ் சென்னை ஆனதும் ஒரே சமயத்திலா?

இல்லை. மாநிலப் பெயர் 1969இல், நகரின் பெயர் 1996இல்.

எல்லைத் தகராறு தவிர நவம்பர் 1இல் வேறு எதுவும் நடக்கவில்லையா?

நடந்தது. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா அரசியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. புனித ஜார்ஜ் கோட்டையில் இரு நூற்றாண்டுக்கு மேல் கணக்கு எழுதிய கிழக்கிந்தியக் கம்பெனி அத்தோடு ஆட்சியிலிருந்து விலகியது. 1995 நவம்பர் 1 அன்று திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரசாணையின் தேதி செப்டம்பர் 30. இரண்டு தேதிகளும் புழங்குவதால் பொது அறிவுத் தேர்வு எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

1959 நவம்பர் 1 அன்று எம்.கே. தியாகராஜ பாகவதர் இறந்தார். வயது 49. அவருடைய 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில்வரை மேல்முறையீடு போய், 1947இல் விடுதலையானார். திரும்பி வந்தபோது ரசிகர்கள் வேறு பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

அதே வழக்கில் அவரோடு சிறையில் இருந்து விடுதலையானவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். தமிழ்நாடு முழுவதையும் சிரிக்க வைத்த மனிதரின் சொந்த ஊர் 1956 வரை வேறு மாநிலத்தில் இருந்தது. 1957 ஆகஸ்டு 30 அன்று அவர் மறைந்தார். அவர் வாழ்நாளில் ஒழுகினசேரி சென்னை மாநிலத்தில் இருந்தது பத்து மாதம்தான்.

நவம்பர் 1 விடுமுறை உண்டா?

மாநிலம் முழுவதும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அதற்கான அறிவிப்பை மாவட்ட ஆட்சியர் வெளியிடுவார். நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை போடுவார்கள். அந்த விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்குவதும் வழக்கம். எல்லைப் போராட்டத்தை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மறக்காமல் இருப்பதற்கு அந்தச் சனிக்கிழமைதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.